ஒன்பதாம் வகுப்பில் ஆறு அடிகள்

ஜூன் 16, 2025, திங்கள்

எட்டாம் வகுப்பு வரை பாட்டுக்குப் பொருள் எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஒன்பதில் ‘ஏன் இப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது’ என்று கேட்கத் தொடங்க வேண்டும். அதைப் பழக்கச் சின்னப் பாட்டுதான் ஏற்றது. இந்த முறை புறநானூறு 312, பொன்முடியார் பாடியது. ஆறே அடி: ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே / சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே / வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே / நன்னடை நல்கல் வேந்தற்குக் கடனே / ஒளிறுவாள் அருஞ்சமம் முருக்கிக் / களிறுஎறிந்து பெயர்தல் காளைக்குக் கடனே.’

தாளின் நடுவில் பாட்டு மட்டும். அடிகளுக்கிடையே இரண்டு வரி இடம், இருபுறமும் 5 செ.மீ. ஓரம். உரை, அருஞ்சொற்பொருள், திணை, துறை எதையும் அச்சிடக் கூடாது. உரை இருந்தால் கண் நேரே அங்கே போய்விடும், பாட்டை யாரும் பார்க்க மாட்டார்கள். ‘புறந்தருதல் – பேணுதல்’, ‘எறிதல் – வெட்டி வீழ்த்துதல்’ என்பவற்றைக் கரும்பலகையில் எழுதினால் போதும்.

ஜூன் 17, செவ்வாய்

மூன்று வாசிப்பு. முதலில் ஆசிரியர் உரக்க, பிறகு மௌனமாக, கடைசியில் கையில் பென்சிலோடு. ஓரத்தில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுத வேண்டும், பொருளை எழுதக் கூடாது. ஆளுக்கு ஐந்து குறிப்பு, பத்து நிமிடம்.

எண்ணச் சொன்னால் எல்லோராலும் முடிகிறது. ‘கடனே’ (கடமையே) ஐந்து முறை வருகிறது. நால்வருக்கு ஓரடி, ஐந்தாமவனுக்கு மட்டும் இரண்டடி. படிப்பில் பின்தங்கிய பிள்ளையும் இதைக் கண்டுபிடித்துவிடும், அதனால் எண்ணிக்கையில் தொடங்குவதே நல்லது.

பாதிப் பேர் ‘தாயின் கடமை பெற்று வளர்ப்பது’ என்று எழுதுவார்கள். தவறென்று அடிக்க வேண்டாம். “தாய் என்ற சொல் எங்கே இருக்கிறது?” என்று கேட்டால் போதும். பாட்டில் அது இல்லை. தந்தை, கொல்லன், வேந்தன், காளை (இளைஞனான மகன்) எல்லோருக்கும் பெயர் உண்டு. தாய்க்கு ‘என்’ மட்டும்தான். ‘ஈன்று’ என்ற சொல்லும் அந்த ‘என்’னும் சேர்ந்துதான் பேசுபவர் தாய் என்று காட்டுகின்றன. எழுதியிருப்பதற்கும் நாம் ஊகிப்பதற்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு கேள்வியில் பிடிபட்டுவிடும்.

ஜூன் 19, வியாழன்

ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு ‘ஏன்’. பிறகு கேள்விகளைச் சலிக்க வேண்டும். ‘புலவர் ஏன் இதைப் பாடினார்?’ என்பதற்குப் பாட்டுக்குள் விடை இல்லை, தள்ளிவிடலாம். ‘மகனுக்கு மட்டும் ஏன் இரண்டடி?’ நிற்கும்.

ஜூன் 20, வெள்ளி

சொல்லுக்கான நாள். மகனின் கடமை என்ன என்று கேட்டால் ‘போரில் உயிரைக் கொடுப்பது’ என்றே பெரும்பாலும் பதில் வரும். வீரம் என்றதுமே மனத்தில் ஓடும் வாய்பாடு அது. பாட்டில் இருப்பதோ ‘களிறு எறிந்து பெயர்தல்’. பெயர்தல் என்றால் மீள்தல். யானையை வீழ்த்திவிட்டு அவன் திரும்பி வர வேண்டும். பெற்றவள் சொல்லும் பாட்டில் இந்தச் சொல்லைத் தவறவிட்டால் பாட்டையே தவறவிட்டதாகும். இதற்காக அரைப் பாடவேளை போனாலும் பரவாயில்லை.

அடுத்தது ‘சான்றோன்’. இன்று இது அறிவும் பண்பும் நிறைந்தவரைக் குறிக்கிறது. ஆனால் பதிற்றுப்பத்தில் சேரனைச் ‘சான்றோர் மெய்ம்மறை’ என்னும்போது சான்றோர் வீரர், மெய்ம்மறை கவசம். இங்கே எந்தப் பொருள்? பதிப்புகளில் ‘நன்னடை’ என்றும் ‘தண்ணடை’ என்றும் பாடவேறுபாடும் உண்டு. வேந்தன் தருவது நல்லொழுக்கமா, மருதநில ஊரா? ‘இரண்டும் சரி’ என்று நழுவ விடக் கூடாது. ஒன்றைத் தேர்ந்து, வேல், வாள், களிறு என்ற பக்கத்துச் சொற்களைக் கொண்டு நிறுவ வேண்டும்.

ஜூன் 24, செவ்வாய்

ஒரு பத்தி, 60 முதல் 80 சொல். கூற்றுக்கு ஒரு வாக்கியம், சான்றுக்கு ஒன்று, அந்தச் சான்று எப்படி வேலை செய்கிறது என்பதற்கு மூன்று. மேற்கோள் நான்கு சொல்லுக்கு மேல் போகக் கூடாது. முழு அடியையும் பெயர்த்து எழுதினால் விளக்கம் முடிந்துவிட்டதாகவே நினைத்துவிடுவார்கள்.

‘இப்பாடல் வீரத்தின் சிறப்பை அழகாக எடுத்துரைக்கிறது’ என்ற வாக்கியம் எப்படியும் வரும். இன்னொரு புறப்பாட்டுக்கு அடியில் அதை வைத்துப் பார்க்கச் சொல்லலாம். அங்கேயும் பொருந்தினால் அடித்துவிட வேண்டியதுதான். ‘நால்வரை ஓரடியில் முடித்து மகனுக்கு இரண்டடி தருவதால், எல்லோர் உழைப்பும் அவனிடம் வந்து சேர்வது தெரிகிறது’ என்ற வாக்கியம் வேறெங்கும் பொருந்தாது.

ஜூன் 26, வியாழன்

திருத்தம். பத்துக்குக் கூற்று 2, சான்று 2, விளக்கம் 5, மொழி 1. மொழிக்குக் கூட்டினால் அலங்காரச் சொற்களைத் தேடி ஓடுவார்கள். சந்திப் பிழைகளை வட்டமிட்டு விட்டால் போதும். ஒரு தாளுக்கு ஒரே குறிப்புரை, அதுவும் கேள்வியாக: “இந்தச் சொல் இல்லாவிட்டால் எது மாறும்?”

மகனைப் போருக்கு அனுப்புவது சரியா என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும், அது நல்ல கேள்வி. பாட்டு சொல்வது இடப்பக்கம், தன் கருத்து வலப்பக்கம் என்று பிரித்து எழுதச் சொன்னால் இரண்டும் கலக்காது.

மறுபடி எழுத வேண்டியது விளக்கத்தின் மூன்று வாக்கியங்களை மட்டுமே. திங்கட்கிழமைக்குள் தர வேண்டும், பழைய தாளும் கூடவே இருக்க வேண்டும்.