13 வேண்டாம், கழற்று

அந்த 13 ஆம்பியர் ஃபியூஸைக் கழற்றச் சொன்னது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதற்கு அன்று நான் சொன்ன காரணம்தான் கொஞ்சம் நெருடுகிறது.

பிரிட்டனில் எங்கள் ஆபீஸின் கணக்குப் பிரிவில் ஒரு டெஸ்க்டாப் உயிரில்லாமல் கிடந்தது. டீமுக்குப் புதிதாக வந்த தம்பி போய்ப் பார்த்தான், ப்ளக்குக்குள்ளேயே இருக்கும் ஃபியூஸ் போயிருந்தது, கையில் 13 ஆம்பியர்தான் இருந்தது, போட்டான், மெஷின் எழுந்துவிட்டது. திரும்பி வந்து சந்தோஷமாகச் சொன்னான். "முன்னாடி என்ன இருந்தது?" என்று கேட்டேன். "5, அண்ணா." "அப்போ 13 வேண்டாம், கழற்று."

பக்கத்து மேசையில் சும்மா கிடந்த லீடை (ப்ளக்கோடு வரும் பவர் ஒயரை) மாட்டச் சொன்னேன், அந்த மெஷினில் வேலை பார்க்கும் அம்மாவின் வேலையும் நிற்கவில்லை. அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவன் கழற்றிய ஃபியூஸைக் கையில் வைத்துக்கொண்டே, எல்லோரும் இருக்கும்போதே கேட்டான்: "ஏன் அண்ணா? இந்த மெஷின் 300 வாட்கூட இழுக்காது, 230ஆல வகுத்தா ஒன்றரை ஆம்பியரே வரல. ஷார்ட் ஆச்சுன்னா 13ம் உடனே போயிடும். பவர் சப்ளை உள்ளேயும் ஒரு ஃபியூஸ் இருக்கு. அப்புறம் 13 இருந்தா என்னதான் ஆகிடும்?"

"ப்ளக்லயே 5னு அச்சடிச்சிருக்கு பார். அதைத்தான் போடணும்."

அவன் சரி என்றான். அந்தச் 'சரி' என் குரலுக்குக் கிடைத்தது, என் பதிலுக்கு அல்ல என்று அப்போதே தெரிந்தது.

அச்சைப் பார்த்துப் போடு என்பது மோசமான விதி ஒன்றும் இல்லை. வார்ப்பு ப்ளக்கில் பின்களுக்கு நடுவே அந்தச் சின்ன ஃபியூஸ் தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தால், உள்ளே ஓர் அங்குல நீளத்தில் பீங்கான் குழல். எரிந்ததா இல்லையா என்று வெளியிலிருந்து தெரியாது, மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 3க்குச் சிவப்பு எழுத்து, 13க்குப் பழுப்பு, 5க்குக் கறுப்பு. எல்லாம் ஒரே அளவு என்பதால் எது வேண்டுமானாலும் எதிலும் உட்காரும். அதனால்தான் அச்சை நம்பு என்கிறோம். வாட்டைப் பார்த்து முடிவு செய்தால் 3தான் வரும், ஏனென்றால் 700 வாட் வரை 3 போதும் என்பது இங்கே பிரிட்டனில் எல்லோரும் சொல்லும் கணக்கு. ஆனால் ஆன் செய்யும் கணத்தில் பவர் சப்ளையின் காலிக் கபாசிட்டர்கள் சில மில்லிசெகண்டுக்குப் பத்துக்கணக்கான ஆம்பியரை உறிஞ்சும், அதை நாள்தோறும் தாங்க 3ஐ விட 5 பரவாயில்லை என்பது என் எண்ணம்.

ப்ளக் ஃபியூஸ் கம்ப்யூட்டரைக் காப்பாற்ற இல்லை, ஒயரைக் காப்பாற்ற. இதை நான் அன்று சொல்லியிருக்கலாம். இங்கே சுவருக்குள் ஓடுவது ரிங் சர்க்யூட், அதாவது பல சாக்கெட்டுகளுக்கும் பொதுவாக வளையமாக ஓடும் ஒயர், அதன் பிரேக்கர் 32 ஆம்பியர். ப்ளக்கிலிருந்து வரும் மெல்லிய ஒயர் சூடாவதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. 1947இல் இந்த ப்ளக்குக்கான பிரிட்டிஷ் தரவிதி பிஎஸ் 1363 வந்தபோது ப்ளக்குக்குள்ளேயே ஃபியூஸ் வைத்தது இதனால்தான். எங்கள் லீடின் ஒயர் 0.75 சதுர மில்லிமீட்டர், தாங்குவது 6 ஆம்பியர். 13 ஃபியூஸோ 14 வந்ததும் போய்விடாது, 20ஐக்கூட ரொம்ப நேரம் பொறுத்துக்கொள்ளும்.

ஆனால் அவன் கேட்டது அதையும் தாண்டி. ஒயர் சூடாக வேண்டுமானால் அந்த முனையில் யாராவது அவ்வளவு கரண்ட் இழுக்க வேண்டுமே, இந்த மெஷின் இழுக்காதே என்கிறான். அதற்கு என்னிடம் பதில் இல்லை, அதனால்தான் அச்சைக் காட்டினேன். இல்லை, பதில் இருந்தும் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். எது உண்மை என்று எனக்கே நிச்சயமில்லை.

பதில் வீட்டுக்குப் போகும் வழியில் வந்தது, எப்போதும் போல. லீட் அந்தக் கம்ப்யூட்டருடையது அல்ல. கம்ப்யூட்டரில் செருகும் பக்கம் சி13 என்ற பொது வகை முனை, கழன்று வரும். இன்று டெஸ்க்டாப், நாளை மானிட்டர், அப்புறம் ஒருநாள் யாரோ அதை வரிசையாகச் சாக்கெட் வைத்த ஸ்ட்ரிப்பின் வாயில் செருகி, ஐந்தாறு சாமானை அந்த ஒரே ஒயரில் தொங்கவிடுவார்கள். (எல்லோரும் இதைக் கெட்டில் லீட் என்றாலும் கெட்டிலில் இது நுழையாது, அதன் வாயில் ஒரு மேடு வைத்துத் தடுத்திருக்கிறார்கள். அந்த மட்டும் நல்லது.) அந்த ஸ்ட்ரிப்பில் யாராவது ஒரு லேசர் பிரிண்டரையும் சேர்த்துவிட்டால் 5 தன் வேலையைச் செய்யும், 13 பார்த்துக்கொண்டிருக்கும்.

இதை அடுத்த வாரம் அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் அவன் மறந்தே போயிருப்பான், எனக்காகத்தான் சொன்னேன் போலிருக்கிறது. முழுதாகக் கேட்டுவிட்டு, "ஆனா நம்ம ஆபீஸ்ல அந்த ஸ்ட்ரிப்பே கிடையாதே அண்ணா" என்றான். கிடையாதுதான், வேண்டாம் என்று தடுத்ததே நான். அப்படியானால் நடக்காத ஒன்றுக்காகவா கழற்றச் சொன்னேன்? ஃபியூஸ் என்பதே நடக்காத வரை வீண்தானே என்று வாதாடத் தோன்றியது, ஆனால் அந்த வாதத்தை வைத்துக்கொண்டு எதற்கும் எதையும் நியாயப்படுத்தலாம்.

அவன் விடவில்லை. "அடுத்த ஆர்டர்ல 1.0 ஒயர் லீடா வாங்கிட்டா 10 ஃபியூஸே போட்டுக்கலாம்ல?"

அதற்கு மட்டும் யோசிக்காமல் பதில் வந்தது. போட்டுக்கலாம், அந்த ஒயர் 10 தாங்கும். விலையைக் கேட்டு எழுதி வை என்றேன்.