சான்றிதழ் வாங்க என்னுடன் வந்த அக்கா

மனநோய்க்கும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் உண்டு என்பது பல குடும்பங்களுக்குத் தெரியாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் இருக்கிறது. எனக்கு மனச்சிதைவு நோய். சான்றிதழ் வாங்கிவிட்டேன். ஆனால் ஒரு அக்கா என்னோடு வராமல் இருந்திருந்தால் பாதியிலேயே விட்டிருப்பேன்.

அக்கா ஒரு தொண்டு நிறுவனத்தில் ‘பியர் சப்போர்ட் வொர்க்கர்’, அதாவது தானும் நோயோடு வாழ்ந்துகொண்டு மற்ற நோயாளிகளுக்குத் துணை நிற்பவர். அவருக்கும் இதே நோய்தான். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே வேலைக்கு வருகிறார். முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது, பேச்சுக்கு நடுவில் அம்மாவிடம் தண்ணீர் கேட்டு, எங்கள் எல்லார் முன்னாலும் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். நான் அதுவரை கதவைச் சாத்திக்கொண்டுதான் என் மாத்திரையை விழுங்குவேன்.

முதல் சிக்கல் பழைய காகிதங்கள். நான் முன்பு அட்மிட் ஆகியிருந்த மருத்துவமனையில் கோப்பைத் தரத் தயங்கினார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25-வது பிரிவுப்படி சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டுப் பெற நோயாளிக்கு உரிமை உண்டு என்று அக்கா சொல்லி, மனுவில் அதைக் குறிப்பிட வைத்தார். அப்புறம் நகல் கிடைத்தது.

பாதிப்பைக் கணக்கிட ‘ஐடியாஸ்’ என்ற அளவுகோல் இருக்கிறது. தன்னைப் பார்த்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை: நான்குக்கும் தலா 0 முதல் 4 வரை மதிப்பெண். நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதற்குத் தனி மதிப்பெண். மொத்தம் 7 வந்தால்தான் 40 சதவீதத்தைத் தொடும். அதற்குக் கீழே போனால் பெரும்பாலான சலுகைகள் கிடையாது. ஆனால் டாக்டர் கேட்டதும் “நல்லா இருக்கேன் சார்” என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அன்றைக்கென்று குளித்துத் தலைவாரி, நல்ல சுடிதாரும் போட்டுக்கொண்டு போவோம்.

அதனால் முந்தின வாரமே அக்கா ஒரு நோட்டோடு வந்து உட்கார்ந்தார். “யாரும் சொல்லாம நீயா எத்தனை நாள் குளிச்ச? கடைக்குப் போனா மீதிச் சில்லறைய எண்ணி வாங்குவியா? வீட்டுக்கு ஆள் வந்தா எங்க இருப்ப?” எனக்குக் கூச்சமாக இருந்தது. “நான் வாரக்கணக்கா குளிக்காம கிடந்திருக்கேம்மா. கூட்டியும் சொல்லாத, மறைக்கவும் செய்யாத” என்றார். அதைக் கேட்ட பிறகுதான், ஆள் வந்தால் பின்கட்டில் போய் நின்றுகொள்வேன் என்பதை எழுதினேன். அம்மாவுக்கே அது தெரியாது.

மாவட்ட அரசு மருத்துவமனையில் டாக்டர் என்னைக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அம்மா பதில் சொல்ல ஆரம்பித்தார். அக்கா அம்மாவின் கையைப் பிடித்து, “அவளே சொல்லட்டும்மா” என்றார். நோட்டைப் பார்த்துப் படித்தேன். டாக்டரும் பொறுமையாகக் கேட்டார். 40-ஐத் தாண்டியது. தற்காலிகச் சான்றிதழ்தான், புதுப்பிக்க வேண்டிய தேதி அதிலேயே இருக்கும்; அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் எல்லாருக்கும் பணியிடம் உண்டு. அக்கா போன்றவர்களுக்கு இல்லை. அவருக்குக் கிடைப்பது சிறு ஊக்கத்தொகை. உடம்பு முடியாமல் போனால் அதுவும் நின்றுவிடும். அந்த நோட்டை எழுதவைத்தது படிப்பு இல்லை, அவர் பட்ட பாடு. அதற்கு மாதச் சம்பளமும், நோய் கூடும்போது விடுப்பும் உள்ள வேலை தரவேண்டும். அரசிடம் நாம் கேட்கவேண்டியது இது.