புங்க எண்ணெய் சோப்பு: கலவை திடீரென இறுகுவது ஏன்?

புங்க எண்ணெயில் ஏறக்குறைய பாதி ஒலீயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். அதை மட்டும் வைத்துச் செய்தால் சோப்பு கொழகொழவென்று இருக்கும், நுரையும் வராது. அதனால் 300 கிராம் புங்க எண்ணெயுடன் 200 கிராம் தேங்காய் எண்ணெய் சேருங்கள். இதற்குக் காஸ்டிக் சோடா 72 கிராம், தண்ணீர் 160 கிராம். எல்லாமே தராசில் நிறுத்துத்தான், டம்ளர் அளவு வேண்டவே வேண்டாம். இந்தக் கணக்கில் சுமார் 5 சதவீத எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சும். அது தோலுக்கு நல்லது.

கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, எவர்சில்வர் பாத்திரத்தில் உள்ள தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சோடா அதை அரித்துவிடும்.

எண்ணெயும் சோடாக் கரைசலும் 40 டிகிரிக்கு வந்ததும் இரண்டையும் கலக்க வேண்டும். இங்கேதான் பலருக்கும் கெடுகிறது. நாள்பட்ட, ஈரவிதையில் ஆட்டிய எண்ணெயில் தனிக் கொழுப்பு அமிலம் (கொழுப்பிலிருந்து பிரிந்து நிற்கும் அமிலம்) அதிகம். சோடாக் கரைசல் பட்ட உடனே அது சோப்பாகி, கலவை திப்பித்திப்பியாகத் திரண்டுவிடும். அப்படிப்பட்ட எண்ணெய் என்றால் 35 டிகிரியில், பிளெண்டர் போடாமல் கையால் கிண்டுங்கள். புது எண்ணெய் வாங்குவதே மேல்.

கரண்டியால் கோடு இழுத்தால் தடம் நிற்கும் பதத்தில் அச்சில் ஊற்றி, இரண்டு நாள் கழித்து வெட்டி, காற்றோட்டத்தில் 6 வாரம் காயவிடுங்கள். பழுப்பு நிறம் போகாது, வாடை குறையும்.