ஒரு துண்டு பிஹெச் தாள் இல்லாததால் போன இருபது பாட்டில்கள்

மார்ச் முதல் வாரம். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க ஒரு சின்னச் சிப்பியை இடுக்கியால் எடுத்தேன். பிடித்த இடத்திலேயே ஓடு நசுங்கியது, நனைந்த அப்பளம் மாதிரி. அடுத்ததை எடுத்தேன், அதுவும் அப்படியே. மூன்றாவது பாட்டிலில் மிளகளவு நத்தைகள் இருந்திருக்க வேண்டும். ஓடு கரைந்து, உள்ளே இருந்த சதை மட்டும் மிதந்தது. ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் ராமேசுவரம் போகும் வழியில் உள்ள மண்டபம் ஊரில், பாக் நீரிணைப் பக்கக் கடற்புல் படுகையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று எடுத்த மாதிரிகள் அவை. மொத்தம் இருபது பாட்டில்.

எம்.எஸ்சி. கடல் உயிரியலில் மூன்று செமஸ்டர் வகுப்பும் தேர்வும் பிரச்சினை இல்லாமல் போயின. நான்காவதில், புராஜெக்டில்தான் எல்லாம் வந்தது. அடுத்து வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் நான் போக நினைத்தது குருசடைத் தீவு. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. ஆய்வுக்காக உள்ளே போகவும் உயிரினம் எடுக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் போனது, என் கடிதம் எங்கள் கல்லூரி அலுவலகத்தை விட்டே கிளம்பவில்லை என்பது. ஐந்து வாரம் கழித்துப் போய்க் கேட்டால், எந்த உயிரினம், எத்தனை என்ற பட்டியல் இணைக்கவில்லையாம், அதனால் தட்டிலேயே இருந்திருக்கிறது. "யாரும் வந்து கேக்கலையே" என்றார் எழுத்தர். அதற்குள் நவம்பர் முடிந்துவிட்டது. வழிகாட்டிப் பேராசிரியர், பூங்கா எல்லைக்கு வெளியே கடற்புல் படுகையைப் பார் என்று சொல்லிவிட்டார். கடிதம் கொடுத்தால் டெஸ்பாட்ச் நம்பர் கையில் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். தீவில் வேலை செய்ய ஆசை இருந்தால் இரண்டாம் செமஸ்டரிலேயே எழுதிக் கொடுங்கள்.

டிசம்பரில் போன முதல் பயணம் முழு வீண். இரவு பஸ்ஸில் ராமநாதபுரம், அங்கிருந்து மண்டபம், விடியும் முன் கரை. தூத்துக்குடிக்கான ஓத அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போட்டிருந்தேன். தண்ணீர் வற்றவே இல்லை. கலங்கல் வேறு, கையை விட்டால் விரல் தெரியாது. பாசி எடுக்க வந்திருந்த அக்கா ஒருவர் வெகுநேரம் என்னைப் பார்த்துவிட்டு, "வாடை அடிக்கையில தண்ணி இந்தப் பக்கம் ஏறி நிக்கும் தாயி. தை பொறந்து வா, அமாவாசையை ஒட்டி வா" என்றார். ஒரே ஊருக்கு இரண்டு கடல் என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். வாடைக்காற்றில் வடக்கே பாக் நீரிணை கலங்கும்போது தெற்கே மன்னார் வளைகுடா அடங்கியிருக்கும். சோழகம் என்கிற தென்காற்று வந்தால் அப்படியே மாறும். அந்த அட்டவணையும் அந்தப் பக்கத்துக்கானது, இந்தப் பக்கம் நேரமே வேறு. இதெல்லாம் கடலியல் தாளில் நான் படித்து எழுதிய பாடம்தான்.

ஜனவரியில் அமாவாசையை ஒட்டிப் போனபோது தண்ணீர் கண்ணாடி. முழங்கால் ஆழத்தில் கடற்புல் நீரோட்டத்தோடு ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அரை மீட்டர் சதுரச் சட்டத்தை வைத்துப் புல்லை விலக்கியபோது உள்ளே ஒரு கடல் அட்டை, மண்ணை விழுங்கிக்கொண்டு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. படத்தில் மட்டும் பார்த்திருந்த உயிர். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் உயிரினம் அது, கையில் வைத்திருப்பதே குற்றம். எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு தொடாமல் விட்டேன். அந்தக் காலை நேரத்துக்காக இந்தப் படிப்பை இன்னொரு முறை படிக்கச் சொன்னாலும் படிப்பேன்.

அந்தச் சதுரச் சட்டத்தை பிவிசி குழாயில் செய்தால் நான்கு பக்கமும் துளை போடுங்கள். போடாமல் ஒட்டினால் உள்ளே காற்று நின்று மிதக்கும். நான் ஒரு காலைப் பொழுதை அதை அமுக்கிப் பிடித்தே கழித்தேன். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடங்கள், திருக்கை இருந்தால் விலகிப் போகும். பாசி எடுக்கும் அக்காக்கள் விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள். பாறையில் ஒட்டியிருக்கும் கூரான கொட்டலசு கையைக் கிழித்த பிறகு நானும் அதையே செய்தேன், ரப்பர் கையுறையை விட நன்றாக இருந்தது. லேபிளைப் பென்சிலால் டிரேசிங் பேப்பரில் எழுதி பாட்டிலுக்கு உள்ளே போடுங்கள். வெளியே மார்க்கரில் எழுதியது ஆல்கஹால் ஒரு துளி பட்டாலே அழிந்துவிடும்.

இப்போது ஓடுகளைக் கரைத்த ஃபார்மலின், மாதிரிகள் அழுகாமல் இருக்க ஊற்றுவது. ஸ்டோரில் கேட்டபோது பழைய கேனைக் காட்டினார்கள். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. "பஃபர் செய்ததா?" என்று கேட்டேன், அதாவது அமிலத்தை முறிக்க ஏதாவது சேர்த்ததா என்று. "எல்லாரும் இதைத்தாம்மா எடுத்துட்டுப் போறாங்க" என்று பதில். நானும் நம்பி, கடல்நீரில் பத்து சதவீதமாகக் கலந்து ஊற்றினேன். ஃபார்மலினில் நாள்பட நாள்பட ஃபார்மிக் அமிலம் சேரும். சிப்பி ஓடு சுண்ணாம்பு, அமிலம் அதைத் தின்றுவிடும். ஓடு போன பிறகு கேனில் அமிலத்தன்மை காட்டும் பிஹெச் தாளை விட்டுப் பார்த்தேன், 4 காட்டியது. ஏழுக்குக் கீழே என்றால் அமிலம். அந்தத் தாள் எங்கள் ஆய்வகத்து மேசையிலேயே கிடந்தது. ஜனவரியில் ஒரு துண்டு கிழித்து முக்கியிருந்தால் போதும். இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அமிலத்தை முறிக்கப் போராக்ஸ் வேண்டும். ஸ்டோரில் அது இல்லை, இண்டென்ட் போட்டால் மூன்று வாரம் ஆகும் என்றார்கள். போராக்ஸ் என்பது வெண்காரம்தானே! நாட்டு மருந்துக் கடையில் கேட்டேன், பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். ஃபார்மலினில் போட்டுக் கலக்கி, அடியில் கொஞ்சம் கரையாமல் நிற்கும் வரை சேர்த்து, பிஹெச் 8-க்கு மேல் வந்த பிறகுதான் மார்ச் பயணத்துக்குக் கிளம்பினேன். நீங்கள் மாதிரிகளைச் சில நாளில் கழுவி எழுபது சதவீத எத்தனாலுக்கு மாற்றிவிடுங்கள். டிஎன்ஏ பார்க்கும் எண்ணம் இருந்தால் ஃபார்மலின் பக்கமே போக வேண்டாம், முதலிலிருந்தே எத்தனால்தான்.

சரி, போன இருபது பாட்டில்? அழுது முடித்து, கொட்டிவிடலாம் என்று சல்லடையில் ஊற்றியபோதுதான் பார்த்தேன், புழுக்கள் எல்லாம் அப்படியே இருந்தன. பாலிகீட் புழுக்களுக்குக் கரைய ஓடு கிடையாது. மைக்ராஸ்கோப்பில் பக்கக் கால்களும் முட்களும் ஒவ்வொன்றாக எண்ணும் அளவுக்குத் தெளிவு. அன்று மாலையே வழிகாட்டியிடம் ஓடினேன். தலைப்பில் நத்தை, சிப்பி வகைகளைக் குறிக்கும் "மெல்லுடலிகள்" போய் "பாலிகீட்டுகள்" வந்தது. தலைப்பு மாற்றும் படிவத்தில் மூன்று கையெழுத்து வேண்டும், இந்த முறை நானே பின்னாலேயே நடந்து ஒரே நாளில் வாங்கினேன்.

புழுக்களை அடையாளம் காணப் பழைய நூல்கள்தான் துணை. ஆனால் அதிலுள்ள பெயர்கள் பல மாறிவிட்டன. உலகக் கடல்வாழ் உயிரினப் பதிவேட்டில் ஒவ்வொன்றையும் சரிபார்த்த பிறகு எழுதுங்கள். வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு வந்த தேர்வாளர் முதலில் கேட்டதே அதைத்தான்.

இன்னொன்று, இறங்குதளத்தில் விசைப்படகு மீனைப் பார்த்துப் புராஜெக்ட் செய்கிறவர்கள் ஏப்ரல் 15-ஐ மறக்காதீர்கள். அன்றிலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். என் அறைத்தோழிக்கு ஏப்ரல் பாதியோடு தரவு நின்றுவிட்டது.

மார்ச், ஏப்ரலில் எடுத்த நத்தைகளும் சிப்பிகளும் வெண்காரம் கலந்த பாட்டில்களில் இன்னும் இருக்கின்றன. போன வாரம் திறந்து பார்த்தேன். ஓடுகளின் வரிகூட அழியவில்லை. யாராவது கடற்புல் மெல்லுடலிகளை எடுத்துச் செய்வதாக இருந்தால் அந்தப் பாட்டில்களைத் தருகிறேன், எந்த இடத்தில் எடுத்தேன் என்ற ஜிபிஎஸ் குறிப்போடு.