ரிப்போர்ட்டில் ஆறு

திருகோணமலையில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். குருதியை மெஷினில் ஏற்றி எண்ணை எழுதிக் கொடுப்பதோடு என் வேலை முடிந்துவிடும். விளக்கம் சொல்ல வேண்டியவர் டொக்டர். ஆனாலும் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் ஆட்கள் முதலில் பார்ப்பது என் முகத்தைத்தான்.

மூதூரிலிருந்து ஓர் ஐயா வருவார். ஈரல் தழும்பேறி இறுகிப்போகும் சிரோசிஸ் நோயாளி. ஈரலில் கான்சர் வருகிறதா என்று பார்க்க, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரல் ஸ்கானும் ஏ.எஃப்.பி. என்ற குருதிப் பரிசோதனையும் செய்யச் சொல்லியிருந்தார்கள். ஒருநாள், "மகள், கான்சர் ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டார். அவருடைய ஏ.எஃப்.பி. மில்லிலீற்றருக்கு 6 நானோகிராம். 10க்குக் கீழே இருந்தால் சாதாரணம். "நல்லாத்தான் இருக்கு ஐயா" என்றேன். அந்தச் சொல்லை நம்பி அவர் ஸ்கானுக்குப் போகவில்லை. அடுத்த தவணை ஸ்கானில் கட்டி தெரிந்தது. அப்போதும் ஏ.எஃப்.பி. 8தான்.

ஏ.எஃப்.பி. கருவிலிருக்கும் குழந்தையின் ஈரல் சுரக்கும் புரதம். பிறந்தபின் அது வற்றிவிடும். 1963இல் அபெலேவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி ஈரல் கட்டியுள்ள எலிகளின் குருதியில் அதைத் திரும்பக் கண்டார். ஆனால் எல்லாக் கட்டியும் அதைச் சுரப்பதில்லை. 20ஐ எல்லையாக வைத்தால் ஈரல் கான்சர் உள்ள நூறு பேரில் ஏறக்குறைய அறுபது பேர்தான் பிடிபடுவார்கள். கர்ப்பத்திலும் ஈரல் அழற்சியிலும் கான்சர் இல்லாமலே எண் ஏறும். ஈரல் கான்சரைத் தேட பிவ்கா என்று இன்னொரு குருதிப் பரிசோதனை உண்டு. குருதி உறையாமலிருக்க வார்ஃபரின் குளிசை எடுப்பவருக்கு அதுவும் ஏறிவிடும். இதெல்லாம் நான் படித்ததுதான். தெரிந்துகொண்டே அப்படிச் சொன்னேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

அப்புறம், எண் பெரிதானால் நோயும் முற்றிவிட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். கட்டியின் அளவையும் எத்தனை கட்டி என்பதையும் ஸ்கான்தான் சொல்லும். அந்த ஈரல் சிகிச்சையைத் தாங்குமா என்று பார்க்க மஞ்சள் நிறமியான பிலிருபின், ஈரல் செய்யும் புரதமான அல்புமின், குருதி உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். மூன்றும் வேண்டும். வயிற்று நீரையும் புத்தித் தடுமாற்றத்தையும் சேர்த்து அவற்றுக்குப் புள்ளி போடுவார்கள். தினமும் நூற்றோடு நூறாக நான் ஓட்டிவிடுகிற பரிசோதனைகள் அவை.

இப்போது ஏ.எஃப்.பி. ரிப்போர்ட்டை நீட்டும்போதே, "ஸ்கான் எப்ப?" என்று கேட்கிறேன். கிளினிக் கொப்பியில் திகதி இல்லையென்றால் தாதி மிஸ்ஸியிடம் அனுப்பிவிடுகிறேன்.

போன மாதம் அந்த ஐயா சிகிச்சைக்கு முன் குருதி கொடுக்க வந்தார். கண் மஞ்சளாக இல்லை. மூதூர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். அவருடைய ஐ.என்.ஆர். ரியூப்பை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் சுழலவிட்டேன்.