ஓஎஸ் போடறது 25 நிமிஷம், அதுக்கு முன்னாடி ரெண்டு நாள்

போன சனிக்கிழமை என் லேப்டாப்ப சுத்தமா தொடச்சிட்டு விண்டோஸ் 11 புதுசா போட்டேன். பென்டிரைவ்ல பூட் பண்ணதுல இருந்து டெஸ்க்டாப் வர்ற வரைக்கும் 25 நிமிஷம்தான் ஆச்சு. ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் சாயங்காலம் உக்காந்து வேலை பார்த்தேன், அந்த ரெண்டு நாளைப் பத்திதான் எழுதணும்னு தோணுது, ஏன்னா இதைப் பத்தி நான் பார்த்த வீடியோ பெரும்பாலும் பென்டிரைவ சொருகறதுல இருந்துதான் ஆரம்பிக்குது.

லேப்டாப் 2021 மாடல், இன்டெல் 11வது ஜெனரேஷன் புராசசர். வாங்கும்போது விண்டோஸ் 10 இருந்துச்சு, 2025 அக்டோபர் 14ஓட அதுக்கு சப்போர்ட் முடியுதுன்னு அது மேலயே 11க்கு அப்கிரேடு பண்ணிக்கிட்டேன். அப்கிரேடு பண்ணா பழைய டிரைவர் (வைஃபை, டிஸ்க் மாதிரி ஹார்டுவேர விண்டோஸோட பேச வைக்கற சாஃப்ட்வேர்), பழைய ஸ்டார்ட்அப் புரோகிராம், எப்பவோ அன்இன்ஸ்டால் பண்ண ஆன்டிவைரஸோட மிச்சம் மீதி எல்லாமே கூடவே வந்துடுது. சும்மா இருக்கும்போதே ஃபேன் சுத்தும், ரைட் கிளிக் பண்ணா மெனு வர மூணு செகண்ட். செட்டிங்ஸ்லயே ரீசெட் ஆப்ஷன் இருக்குதான், ஆனா அதுல கம்பெனிக்காரங்க முன்னாடியே போட்டுக் குடுத்த ஆப் எல்லாம் திரும்ப வந்து உக்கார வாய்ப்பு இருக்கு. எனக்கு வெறும் விண்டோஸ் மட்டும் போதும்.

ரெண்டு நாள் எதுக்குன்னா, ரெண்டு வருஷம் முன்னாடி அக்கா லேப்டாப்புக்கு நான் இதே வேலைய ஒரே மணி நேரத்துல முடிச்சேன். டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், போட்டோ எல்லாம் காப்பி பண்ணிட்டு ஃபார்மேட் அடிச்சுட்டேன். மறுநாள் போன் பண்ணி, "டேய், ஸ்கிரீன்ல மஞ்சக் கலர்ல சின்னச் சின்னதா நோட்டு இருக்குமே, அது எங்கடா?"ன்னு கேட்டா. அப்பாவுக்கு எந்த மாத்திரை எந்த தேதில மாத்துனாங்க, எதுக்கு அலர்ஜி வந்துச்சு, எல்லாத்தையும் மூணு வருஷமா ஸ்டிக்கி நோட்ஸ்ல எழுதி வெச்சிருக்கா. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல சைன்இன் பண்ணியிருந்தா ஆன்லைன்ல இருந்து திரும்பி வந்திருக்கும், அவ பண்ணல. ரெகவரி சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தேன், ஒண்ணும் கிடைக்கல. பழைய ஹார்ட் டிஸ்க்னா அழிச்ச ஃபைல் மேல வேற ஏதாவது எழுதற வரைக்கும் டேட்டா அங்கயே கிடக்கும், ஆனா எஸ்எஸ்டில அழிஞ்ச இடத்தை டிரிம்னு ஒரு வேலை பண்ணி அதுவே காலி பண்ணிடும். அக்கா ஒரு வார்த்தை திட்டல. அதான் இன்னும் மனசுல உறுத்துது.

அதனால இந்த தடவை முதல் நாள் முழுக்க கண்ணுக்குத் தெரியாத ஃபைலுக்குத்தான் செலவழிச்சேன். ஸ்டிக்கி நோட்ஸ் எங்க இருக்குன்னா, நம்ம யூசர் ஃபோல்டர்ல ஆப்டேட்டான்னு மறைச்சு வெச்ச ஃபோல்டர், அதுக்குள்ள லோக்கல், அதுக்குள்ள பேக்கேஜஸ், அங்க ஸ்டிக்கிநோட்ஸ்னு பேர் வர்ற ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள லோக்கல்ஸ்டேட். பிளம்னு பேர் வெச்ச டேட்டாபேஸ் ஃபைல் இருக்கும், அதே பேர்ல இன்னும் ரெண்டு துண்டு ஃபைலும் கூட இருக்கலாம். ஆப்ப மூடிட்டு அந்த லோக்கல்ஸ்டேட் ஃபோல்டரையே முழுசா எடுக்கணும், ஏன்னா கடைசியா எழுதுனது மெயின் ஃபைலுக்குப் போகாம பக்கத்துத் துண்டுலயே நிக்கலாம். அவுட்லுக்ல மெயில் இருக்கற பிஎஸ்டி ஃபைல், பிரௌசர் புக்மார்க், கேம் சேவ் இதையெல்லாம் இதே மாதிரி தேடித் தேடி எடுத்தேன், சேவ் பண்ண பாஸ்வேர்டை மட்டும் பிரௌசர்லயே எக்ஸ்போர்ட் பண்ணி எடுத்தேன். நம்மளுக்குன்னு ஒண்ணு சொல்லணும், பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல டைப் பண்ண வேர்டு ஃபைல் வெச்சிருக்கவங்க அந்த ஃபான்டையும் சேர்த்து எடுத்து வெச்சுக்கோங்க, ஃபான்ட் இல்லாத மெஷின்ல திறந்தா கடிதம் முழுக்க சம்பந்தமே இல்லாத இங்கிலீஷ் எழுத்தா நிக்கும். காப்பி பண்ணி முடிச்சதும் அந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்க வேற ஒரு கம்ப்யூட்டர்ல சொருகி பத்துப் பதினஞ்சு ஃபைல திறந்து பார்த்தேன். காப்பி ஆச்சுன்னு மெசேஜ் வந்தா போதாது, ஃபைல் திறக்கணும்.

ரெண்டாவது நாள் பிட்லாக்கர், அதாவது டிஸ்க்ல இருக்கறத கீ இல்லாம யாரும் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கற விண்டோஸ் வசதி. நிறைய லேப்டாப்ல டிவைஸ் என்கிரிப்ஷன்ங்கற பேர்ல இது நமக்கே தெரியாம ஆன் ஆகியிருக்கும். எல்லாத்தையும்தான் அழிக்கப்போறோமே கீ எதுக்குன்னு நினைக்கலாம், ஆனா சி டிரைவ்ல மட்டும் ஓஎஸ் மாத்திட்டு டி டிரைவ அப்படியே விடற ஆளா இருந்தீங்கன்னா, புது விண்டோஸ் டி டிரைவ திறக்க 48 இலக்க ரெகவரி கீ கேட்கும், அது இல்லேன்னா உள்ள இருக்கறது போனதுதான். பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடியே ஓடற லேப்டாப்போட அடிப்படை செட்டிங்ஸ்) செக்யூர் பூட் மாதிரி எதையாவது மாத்துனாலும் பழைய விண்டோஸ் அந்தக் கீயத்தான் கேட்டு நிக்கலாம். நான் பேப்பர்ல எழுதி ரெண்டு தடவை சரிபார்த்தேன்.

பென்டிரைவ் தயார் பண்றது சுலபம். 8 ஜிபி போதும், மைக்ரோசாஃப்ட் சைட்ல மீடியா கிரியேஷன் டூல் கிடைக்கும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கும். அதே பென்டிரைவ்ல டிரைவர்ஸ்னு ஒரு ஃபோல்டர் போட்டு, லேப்டாப் கம்பெனியோட சப்போர்ட் பேஜ்ல நம்ம மாடலுக்குன்னு குடுத்திருக்கற ஸ்டோரேஜ் டிரைவரையும் வைஃபை டிரைவரையும் அதுல வெச்சேன். மறக்காம செய்ய வேண்டியது இதுதான், காரணம் இப்ப வருது.

பென்டிரைவ சொருகி லேப்டாப்ப ஆன் பண்ணும்போது லெனோவோ, டெல்லா இருந்தா பெரும்பாலும் எஃப்12, எச்பின்னா எஃப்9 அழுத்துனா, எதுல இருந்து ஆரம்பிக்கணும்னு கேட்கற பூட் மெனு வரும். லாங்குவேஜ் கேட்டுச்சு, கீபோர்டு கேட்டுச்சு, ஃபைல் ஆப் செட்டிங்ஸ் எல்லாமே அழியும் சம்மதமான்னு டிக் கேட்டுச்சு. புராடக்ட் கீ கேட்டா என்கிட்ட இல்லன்னு குடுத்தேன், விண்டோஸோட வந்த லேப்டாப்ல கீ மதர்போர்டுலயே பதிஞ்சிருக்கும், விண்டோஸ் ஹோம் எடிஷன் இருந்த இடத்துல அதே ஹோம் போட்டா நெட் வந்ததும் அதுவே ஆக்டிவேட் ஆயிடும். அடுத்து எந்த டிஸ்க்ல போடணும்னு கேட்கற ஸ்கிரீன். அங்க என் எஸ்எஸ்டிய காணோம். சொருகியிருந்த பென்டிரைவ் மட்டும் ஒரே வரில நிக்குது.

எஸ்எஸ்டி போயிடுச்சுன்னு பயந்துறாதீங்க. 11வது ஜெனரேஷன்ல இருந்து நிறைய இன்டெல் லேப்டாப்ல விஎம்டின்னு ஒரு கன்ட்ரோலருக்குப் பின்னாடிதான் எஸ்எஸ்டி உக்காந்திருக்கும், அதுக்கான டிரைவர் விண்டோஸ் செட்டப்ல இல்லாம இருக்கலாம். லோட் டிரைவர்னு ஒரு பட்டன் இருக்கும், அதுல பென்டிரைவ்ல வெச்ச ஸ்டோரேஜ் டிரைவர் ஃபோல்டரைக் காட்டுனேன். அது எக்ஸிஇ ஃபைலா இருந்தா செட்டப்ல படிக்காது, முன்னாடியே பிரிச்சு ஐஎன்எஃப் ஃபைல் தெரியற மாதிரி வெச்சிருக்கணும். நாலு செகண்ட் கழிச்சு 476.9 ஜிபின்னு என் டிஸ்க் வந்து நின்னுச்சு பாருங்க, உடம்பே லேசாயிடுச்சு. 512னு வாங்குனது 476.9னு காட்டறது தப்பு இல்ல, கம்பெனிக்காரங்க ஆயிரம் ஆயிரமா எண்றாங்க, விண்டோஸ் 1024ஆல வகுக்குது. பயாஸ்ல போய் விஎம்டிய ஆஃப் பண்ணாலும் டிஸ்க் தெரியும்னு சிலர் சொல்லுவாங்க, அதுவும் உண்மைதான், ஆனா பின்னாடி என்னிக்காவது பயாஸ் டிஃபால்ட்டுக்குப் போய் விஎம்டி ஆன் ஆச்சுன்னா விண்டோஸ் பூட் ஆகாம நீலக் கலர் ஸ்கிரீன்ல நிக்கும். அதனால எனக்கு டிரைவர் போடற வழிதான் சரின்னு படுது.

அதுக்கப்பறம் லிஸ்ட்ல 100 எம்பி சிஸ்டம், 16 எம்பி ரிசர்வ்டு, பெரிய சி, கடைசில ரெகவரின்னு நாலு பார்ட்டிஷன், அதாவது ஒரே டிஸ்க்க நாலு பகுதியா பிரிச்சது. நான் ஒரே பார்ட்டிஷன் வெச்சிருக்கவன், டி டிரைவ் கிடையாது, அதனால நாலையும் ஒண்ணொண்ணா டெலீட் பண்ணி முழுசும் அன்அலோகேட்டட்னு (பிரிக்காத காலி இடம்) ஆனதும் அதையே செலக்ட் பண்ணி நெக்ஸ்ட் குடுத்தேன், தேவையானத விண்டோஸே பிரிச்சுக்கும். ரெண்டு டிஸ்க் இருக்கற லேப்டாப்னா இந்த இடத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி டிஸ்க் நம்பரப் பார்க்காதீங்க, சைஸப் பாருங்க. நம்பர் மாறி வரும்.

ரீஸ்டார்ட் ஆகி நெட் கனெக்ட் பண்ணச் சொல்ற இடத்துல வைஃபை லிஸ்டே காலியா இருந்துச்சு, டிரைவர் இல்ல. பென்டிரைவ்ல இருக்கற வைஃபை டிரைவர அப்பறமா போட்டுக்கலாம்னு, ஆண்ட்ராய்டு போன யூஎஸ்பி கேபிள்ல மாட்டி, போனோட நெட்ட லேப்டாப்புக்குக் குடுக்கற யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணேன், உடனே நெட் வந்துடுச்சு. டச்பேடும் அதுவரைக்கும் வேலை செய்யல, அதுக்கு ஒரு சாதா யூஎஸ்பி மவுஸ் பக்கத்துல வெச்சுக்கறது நல்லது. உள்ள வந்ததும் விண்டோஸ் அப்டேட்ட ரெண்டு மூணு தடவை ஓட விட்டுட்டு டிவைஸ் மேனேஜர்ல மஞ்ச முக்கோணம் எங்க இருக்குன்னு பார்த்து, மிச்ச டிரைவர மட்டும் கம்பெனி பேஜ்ல இருந்து போட்டேன். விண்டோஸ் 11ஓட 24எச்2 வெர்ஷன்ல இருந்து மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு உள்ள வந்தா நிறைய லேப்டாப்ல என்கிரிப்ஷன் தானா ஆன் ஆயிடுது, புதுசா ஒரு 48 இலக்க கீ வரும், பழைய கீ இனிமே உதவாது. புதுச எழுதி வெச்சுட்டு பழைய பேப்பரக் கிழிச்சுட்டேன்.

ரைட் கிளிக் மெனு இப்ப உடனே வருது. ஃபேன் சத்தமே இல்ல.

பென்டிரைவ அழிக்கல, டிரைவர்ஸ் ஃபோல்டர்ல அக்கா மாடலோட டிரைவரையும் சேர்த்து வெச்சிருக்கேன், அடுத்த வாரம் அவ லேப்டாப்புக்கு இதே வேலை இருக்கு. மறுபடியும் மாத்திரை விவரம் எல்லாம் அந்த மஞ்ச நோட்டுலதான் எழுதிட்டு வர்றா. பேக்கப் எடுத்ததும் அவளையே உக்கார வெச்சு, என் லேப்டாப்ல அந்த நோட்ட ஒண்ணொண்ணா திறந்து காட்டி, எல்லாம் இருக்குன்னு அவ சொன்னதுக்கு அப்பறம்தான் டெலீட் பட்டன்ல கை வைப்பேன்.