முதுகில் கட்டிய நாற்காலி: ஓர் ஓட்ட நாட்குறிப்பு

ஜூன் 8, 2025, ஞாயிறு

சேலம் கோரிமேட்டில் கிளம்பி ஏற்காடு அடிவாரம் வரை போய்த் திரும்பினேன். வலது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்பக்கத்தில் மறுபடியும் அதே வலி. இந்த வருடம் இது மூன்றாவது தடவை. முதல் தடவை பழைய ஷூவைக் குற்றம் சொன்னேன். இரண்டாவது தடவை ரோட்டை. இப்போது புது ஷூவும் வாங்கியாயிற்று, ரோடும் புதிதாகப் போட்டது. பழி போட ஆள் இல்லை.

சாயங்காலம் மூக்கனேரிக் கரையில் அக்கா மகனை விட்டுப் பக்கவாட்டில் ஒரு வீடியோ எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டுச் சிரிக்கிறான்: “மாமா, நீங்க ஓடல. உட்கார்ந்துக்கிட்டே போறீங்க.”

மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். தலை ஒரு சாண் முன்னால், இடுப்பு பின்னால், நடுவில் உடம்பு மடங்கி, ஆடிட்டர் ஆபீஸ் நாற்காலியை முதுகில் கட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி இருக்கிறது. பாதம் முட்டிக்கு வெகு முன்னால் நீண்டு, குதிகாலில் போய் ‘டொக்’கென்று இறங்குகிறது. ஒவ்வொரு அடியிலும் நானே எனக்கு பிரேக் போட்டுக்கொள்கிறேன்.

ஜூன் 11, புதன்

நிமிர்ந்து ஓடுவது என்று முடிவு. நெஞ்சைத் தூக்கி, தோளைப் பின்னால் இழுத்து, சுதந்திர தின அணிவகுப்பு மாதிரி 3 கிலோமீட்டர். கால் வலி இருந்த இடத்திலேயே இருக்கிறது, கூடவே அடிமுதுகும் பிடித்துக்கொண்டது. ஆபீஸில் கீழே விழுந்த பேனாவை எடுக்கப் பக்கத்து சீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

ஜூன் 15, ஞாயிறு

காந்தி மைதானத்தில், ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர் ஒருவர் தினமும் காலையில் நடக்க வருவார். இரண்டு வருடமாக வணக்கம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று துணிந்து கேட்டேன். ஒரு சுற்று ஓடச் சொல்லிப் பார்த்தார்.

“நெஞ்சை யார் தம்பி தூக்கச் சொன்னது?”

நெஞ்சை வலிந்து தூக்கும்போது விலாக்கூடு மேலே எழும்புகிறது, அடிமுதுகு உள்ளே வளைகிறது, வயிற்றுத் தசை தளர்ந்துபோகிறது. அப்புறம் பாரம் முழுக்க முதுகுக்குத்தான். விலாக்கூடு நேராக இடுப்பு மேல் உட்கார வேண்டும், அவ்வளவுதான் என்றார். முன்சாய்வு வேண்டும், ஆனால் கணுக்காலிலிருந்து. “சுவத்துல சாத்தி வெச்ச ஏணியப் பாரு. அது நடுவுல மடியுதா?”

அப்படியே நிற்கவைத்து, மடங்காமல் முழு உடம்பையும் முன்னால் சாயச் சொன்னார். விழப்போகிறோம் என்கிற நொடியில் கால் தானாக முன்னால் வந்தது. அதுவும் எட்டிப் போகவில்லை, எனக்குக் கீழேயே இறங்கியது. பத்துத் தடவை இதையே செய்தோம். வாக்கிங் வந்த அம்மாக்கள் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

கைக்கு அவர் சொன்னது சேலத்துக்காரர் மட்டுமே சொல்லக்கூடியது: உள்ளங்கையில் தட்டுவடை (எங்கள் ஊர் மொறுமொறு தட்டை) இருப்பதாக நினைத்துக்கொள், நொறுங்கவும் கூடாது, விழவும் கூடாது. முஷ்டியை இறுக்கினால் தோள் காதுக்கு ஏறிவிடுகிறது. செய்து பார்த்தேன், உண்மை.

ஜூன் 24, செவ்வாய்

எண்ணிக்கை வாரம். 30 வினாடிக்கு வலது கால் எத்தனை தடவை தரையில் படுகிறது என்று எண்ணினேன். 38. நாலால் பெருக்கினால் நிமிடத்துக்கு 152 அடி. எல்லாரும் ஜெபிக்கிற எண் 180. அது ஜாக் டேனியல்ஸ் என்கிற பயிற்சியாளர் 1984 ஒலிம்பிக்கில் பெரிய ஓட்டக்காரர்களின் அடியை எண்ணிப் பார்த்துச் சொன்னது. அவர்கள் பந்தயத்தில் பறந்த வேகம் வேறு, நான் கோரிமேட்டில் போகிற வேகம் வேறு. 180ஐத் துரத்தினால் எனக்கு மூச்சுதான் முட்டும்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நடந்து 2011இல் வெளியான ஆய்வு எனக்கு ஒத்துவருகிறது. வேகத்தை மாற்றாமல், அவரவர் வழக்கமான அடி எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே முட்டி, இடுப்பு மூட்டுகள் மேல் விழும் பாரம் குறைகிறது. என் கணக்குக்கு 160. அதாவது 30 வினாடிக்கு வலது கால் 40. இரண்டே இரண்டு அடி கூடுதல். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிறவனுக்கு இந்தக் கணக்கு பிடித்திருந்தது.

ஒரு தப்பும் செய்தேன். சின்ன அடி என்றால் முன்பாதத்தில் ஓடுவது என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டு, நாலு நாளில் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. மாஸ்டர் திட்டினார். பாதத்தின் எந்தப் பக்கம் முதலில் படுகிறது என்பதை விட்டுவிடு, எங்கே இறங்குகிறது என்பதை மட்டும் பார். இந்த வாரம் தூரம் பாதி.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் 40 நிமிடம் ஒழுங்காக ஓடிவிட்டு, அப்புறம் ஒன்பது மணி நேரம் லேப்டாப்புக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எது ஜெயிக்கும்? தலை கிட்டத்தட்ட 5 கிலோ. அதை நாளெல்லாம் முன்னால் தொங்கவிட்டே பழகிய கழுத்து ஓடும்போது மட்டும் வேறு மாதிரி நடந்துகொள்ளுமா? லேப்டாப்புக்குக் கீழே பழைய டேலி புத்தகம் இரண்டை அடுக்கினேன். மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குகிற பயிற்சி தினமும் 15 தடவை. பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நிற்கிறேன். மனைவி கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அம்மாப்பேட்டைக்குப் போனபோது அப்பாவிடம் வீடியோவைக் காட்டினேன். நாற்பது வருடம் குழித்தறியில் உட்கார்ந்து, நாடாவை ஓடவிடும் கயிற்றை இழுத்து இழுத்து நெய்தவர். என் முதுகையும் காலையும் அவர் பார்க்கவே இல்லை. “ஏன்டா உன் வலது தோள் மேல போகுது? நாடா கயிறு இழுக்கிற மாதிரி இருக்குதே.” அவருக்கும் வலது தோள் அப்படித்தான், இடதைவிட ஏறி நிற்கும். நான் ஒரு நாளும் தறியில் உட்கார்ந்ததில்லை. மவுஸ் பிடிக்கிற கையாக இருக்கலாம்.

ஜூலை 13, ஞாயிறு

என்னோடு ஓடுகிற நண்பரோடு டீக்கடையில் சண்டை, ஓடுகிற தோரணையைப் பற்றி. செக்கோஸ்லோவாக்கிய ஓட்டக்காரர் எமில் ஜாடோபெக்கை வாதத்துக்கு இழுத்தார். தலை ஆடும், முகம் கோணும், தோள் முறுக்கும், ஆனாலும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம். “அவருக்கு யாருய்யா தட்டுவடை குடுத்தது?”

பதில் சொல்ல முடியவில்லை. அழகான ஓட்டம் என்று ஒன்று கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு ஹெல்சிங்கி வேண்டாம், அடுத்த வாரமும் ஓட முடிந்தால் போதும். முன்னெலும்பு வலி இல்லாமல் இன்றோடு 12 நாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

விடிவதற்குள் அடிவாரம். வண்டிகள் ஏற ஆரம்பித்தால் ஏற்காடு மலைப்பாதையில் ஓடுகிறவனுக்கு இடமில்லை. எதிரே வருகிற வண்டி தெரியும்படி வலது ஓரமாகவே போனேன். இருபது கொண்டை ஊசி வளைவில் நாலாவது வரை ஏறித் திரும்புவது திட்டம்.

ஏற்றத்தில் என் பழைய வியாதி உடனே வந்துவிட்டது. பாதத்தையே பார்த்துக்கொண்டு இடுப்பில் மடிந்தேன், வயிறு நசுங்கி மூச்சு பாதியில் நின்றது. பத்துப் பதினைந்து அடி தள்ளிக் கைப்பிடிச் சுவரைப் பார்த்து ஏறியதும் சரியாயிற்று. அடியை இன்னும் குட்டையாக்கினேன். மூன்றாவது வளைவில் கொஞ்சம் நடந்தேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

இறக்கம்தான் மோசம். பயத்தில் உடம்பு பின்னால் சாய்கிறது, கால் முன்னால் நீண்டு குதிகாலில் குத்துகிறது, தொடையின் முன்தசை ஒவ்வொரு அடியிலும் உடம்பைத் தாங்கி நிறுத்துகிறது. சின்னச் சின்ன அடியாக, ஏணியை நினைத்துக்கொண்டு இறங்கினேன். சுவர்மேல் இருந்த குரங்குக் கூட்டம் என் கையையே பார்த்தது. தட்டுவடை நிஜமாகவே இருப்பதாக நினைத்திருக்கும்.

அக்கா மகன் அடிவாரத்தில் காத்திருந்து வீடியோ எடுத்தான். நாற்காலி இல்லை! மத்தியானம் சித்திரான்னம் சாப்பிட அம்மாப்பேட்டைக்குப் போனபோது, பெருமையாக அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

“இன்னும் கயிறு இழுத்துக்கிட்டுத்தான் இருக்கற.”